சோஸ்தேன் குவித்த புல்

சோஸ்தேன் வெரே கோயிலில் எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். பக்தி குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே இருந்தால்தான் எல்லாருடைய முதுகும் தெரியும் என்பார். "முகத்தை நல்லா வச்சுக்கலாம் ஒதீல். முதுகு உள்ளதைச் சொல்லிரும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அவர் முதலை பார்ப்பதும் அப்படித்தான். பேயூ மார்கெரித் என்கிற எங்கள் நீரோடை ஒரு வளைவில் திரும்புகிற இடத்தில் மாதாவுக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. பக்கத்தில் பழைய கல்லறைத் தோட்டம். அங்கே போகச் சாலை கிடையாது, படகுதான். வருடத்தில் ஒரே ஒரு நாள், ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, மாதா பரலோகம் போன திருநாளன்று, எங்கள் பங்கு மக்கள் எல்லாரும் படகு கட்டிக்கொண்டு அங்கே போவோம். மற்ற நாளெல்லாம் அந்தக் கோயில் சாவி சோஸ்தேனிடம் இருக்கும். மார்ச் மாதம் தொடங்கி அக்டோபர் வரை அங்கே புல் வெட்டுவது அவர் வேலை. வெட்டி முடித்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, சைப்ரஸ் மரத்து நிழலில் உட்கார்ந்துவிடுவார். எதிர்க்கரையில் முதலைகள் வெயில் காயும்.

முதலைகளுக்கும் பெஞ்சு உண்டு என்பது அவர் கண்டுபிடிப்பு. இன்னாருக்கு இந்த மரக்கட்டை, இன்னாருக்கு இந்தச் சேற்றுத் திட்டு என்று வைத்துக்கொண்டு, ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து படுத்தால் வீட்டுச் சண்டை மாதிரி ஆகிவிடுமாம். அதனால் கோயிலில் யார் எங்கே உட்காருவார்களோ அந்தப் பெயரையே முதலைகளுக்கும் வைத்துவிட்டார். வாயைத் திறந்தபடி ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்கும் பெரிய கிழட்டு முதலைக்கு எங்கள் பழைய பங்குச் சாமியார் பெயர். அவருடைய பிரசங்கத்தைக் கேட்டவர்களுக்குக் காரணம் புரியும். ஆண்டவர் மன்னிக்கட்டும், கேட்டதும் நானும் சிரித்துவிட்டேன்.

தூண்டில் கடையில் இலவசமாகத் தரும் காலண்டரில் தினமும் ஒரு வரி எழுதுவார். இருபத்திரண்டு வருடத்துக் காலண்டர் அவர் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே எத்தனை அங்குலமோ, முதலை அத்தனை அடி நீளம் இருக்கும். தூரத்திலிருந்தே அதைச் சொல்லிவிடுவார். ஒருமுறை பதினோரு அடி என்றார். ஊருக்குள் வந்து தொல்லை தரும் முதலைகளைப் பிடிக்க அரசாங்கத்தில் உரிமம் வாங்கிய க்ளோவிஸ் அதைப் பிடித்து டேப் வைத்து அளந்தான். பதினோரு அடி, அரை அங்குலம்.

"நோங்க், அரை அங்குலம் விட்டுட்டீங்க" என்றான் க்ளோவிஸ். எங்கள் பக்கம் பெரியவர்களை நோங்க் என்றுதான் கூப்பிடுவோம்.

"அது உன் டேப்போட தப்பு. வெயில்ல நீண்டுருக்கும்" என்றார் சோஸ்தேன்.

அவர் ஒரு முதலையையும் பிடித்ததில்லை, தொட்டதில்லை, ஒரு துண்டு இறைச்சி போட்டதில்லை. சுற்றுலாக்காரர்கள் படகிலிருந்து இனிப்பு வீசுவதைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். தின்னக் கொடுத்துப் பழக்கினால் முதலை மனிதனைத் தேடி வரும். தேடி வந்தால் க்ளோவிஸுக்குப் போன் போகும். நாலடிக்கு மேற்பட்ட முதலையை வேறு இடத்தில் கொண்டுபோய் விட மாட்டார்கள், கொன்றுவிடுவார்கள். "பார்க்கிறதுன்னா பார்க்கிறதோட நிக்கணும்" என்பார்.

அப்படிப்பட்டவர்தான் அந்த வருடம் எங்கள் எல்லாரையும் சங்கடத்தில் மாட்டிவிட்டார்.

ஜூலை கடைசியில், கோயில் பீடத்தைப் பராமரிக்கும் பீடச் சபைப் பெண்கள் ஐந்து பேர் விளக்குமாறும் வாளியுமாகச் சின்னக் கோயிலைக் கழுவப் போனோம். சபைத் தலைவி மிஸ் எல்மீர்தான் முதலில் பலகைத் துறையில் கால் வைத்தவர். அறுபத்தெட்டு வயது. அவர் கண்ணில் தூசி தப்பாது. துறையை ஒட்டி, இடுப்புயரத்துக்கு ஒரு குவியல் கிடந்தது. காய்ந்த புல்லும் நாணலும் சேறும் கலந்த குவியல்.

"யாரு இந்தக் குப்பைய இங்க கொட்டினது? மாதா வர்ற எடத்துல!" என்று விளக்குமாற்றின் காம்பால் அதை ஒரு குத்து குத்தினார்.

தண்ணீர் பிளந்தது. பஸ் டயரிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி ஒரு சீறல். ஏழடி முதலை, வாயை விரித்தபடி கரையேறி வந்தது. மிஸ் எல்மீர் எப்படிப் படகுக்குத் திரும்பினார் என்று எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. கால் தரையில் பட்டதை யாரும் பார்க்கவில்லை. விளக்குமாறு அங்கேயே நின்றுவிட்டது. முதலை அதை இரண்டாகக் கடித்துப் போட்டுவிட்டுக் குவியலின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"புது விளக்குமாறு!" என்றார் மிஸ் எல்மீர், மூச்சு வந்ததும். அடுத்துச் சொன்னது, "க்ளோவிஸக் கூப்பிடு."

மறுநாள் பங்கு மண்டபத்துச் சமையலறையில் பேச்சு நடந்தது. நான் கம்போ என்கிற எங்கள் ஊர்க் குழம்புக்கு மாவைக் கொழுப்பில் கருக்கிக் கிண்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் இறங்கினால் கையை எடுக்க முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. அதனால் அன்று நடந்ததை நான் காதால்தான் பார்த்தேன்.

"இருநூறு பேர் அந்தத் துறையில இறங்கணும்" என்றார் மிஸ் எல்மீர். "குழந்தைங்க, நடக்க முடியாதவங்க. நடுவுல அது உக்காந்துருக்கு."

"முட்டை போட்டிருக்கு, மிஸ் எல்மீர். அதான் சீறுது" என்றான் க்ளோவிஸ். "நீங்க சொன்னா திருநாளுக்கு முந்தியே வந்து எடுத்துர்றேன். எடுக்கிறதுன்னா... என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

ஃபாதர் மின் வியட்நாம்காரர். எங்கள் பங்குக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. "என் படகு எது? பெரிய படகுதானே?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது சோஸ்தேன் குரல் கேட்டது. "ஆகஸ்ட் பதினாறு வரைக்கும் பொறுத்துக்குங்க. அதுக்கப்புறம் அதுவே குஞ்சுகளக் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

"பதினாறுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மிஸ் எல்மீர்.

"ஜூன் பன்னிரண்டு காலைல முட்டை போட்டுச்சு. அறுபத்தஞ்சு நாள்."

"திருநாள் பதினஞ்சு! ஒரு முதலைக்காக மாதாவ ஒரு நாள் தள்ளிப் பரலோகம் போகச் சொல்லட்டுமா?"

க்ளோவிஸ் சிரித்தான். மிஸ் எல்மீர் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்ணு புரியல. முப்பது மைல் கரை கெடக்கு. இத்தனை வருஷத்துல இல்லாம இந்த வருஷம் ஏன் கோயில் வாசல்ல வந்து கட்டுது?"

சோஸ்தேன் எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பவர், இதற்கு மட்டும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது. அந்த ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மாவு தீய்ந்துவிட்டது.

மற்றவர்கள் போனபின் அவர் மட்டும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். தீய்ந்த சட்டியோடு நானும் போய் உட்கார்ந்தேன்.

"ஒதீல், ஒரு பாவம் பண்ணிட்டேன்" என்றார்.

"சாமியாரு உள்ளதான இருக்காரு?"

"இது எல்மீர்கிட்ட பண்ண பாவம்."

விஷயம் இதுதான். கல்லறைத் தோட்டத்தில் வெட்டிய புல்லைப் படகில் ஏற்றி, அணைக்கரைக்கு அப்பால் உள்ள பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்பது சபையின் கட்டளை. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் மூன்று நடை வரும். ஏப்ரலில் அவருக்கு இடது முட்டி வீங்கியது. ஒரு வாரம் மட்டும் என்று புல்லைத் துறையோரம் குவித்தார். வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று எண்ணினார். அந்த வருடம் வெள்ளம் வரவில்லை. ஒரு வாரம் ஆறு வாரமானது. ஜூன் மாதத்தில் ஒரு காலை அவர் வந்து பார்த்தபோது, பாதி வேலை முடித்துக் கொடுத்த மாதிரி ஒரு குவியல் கிடப்பதைப் பார்த்த பெண் முதலை, பின்னங்காலால் சேற்றையும் நாணலையும் இழுத்து அதன் மேல் போட்டுக்கொண்டிருந்தது.

"அப்பவே கலைச்சிருக்கலாம்" என்றார். "இருபத்திரண்டு வருஷமா பார்க்கிறேன். கூடு கட்டுறத அவ்வளவு கிட்டத்துல பார்த்ததில்ல. வாளியப் போட்டு உக்காந்துட்டேன். நான்தான் மெத்தை விரிச்சுக் குடுத்தேன் ஒதீல். இப்போ அது சாகப் போவுது."

"போய்ச் சொல்லிருங்க."

"சொன்னா சாவிய வாங்கிருவா. சாவி போனா வேலை போயிரும். வேலைகூடப் பரவால்ல. அந்த எடம் போயிருமே."

நான் அதிகம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அது வாயில்லா ஜீவன். அதுக்காக நீங்கதான் வாய் திறக்கணும்."

அன்று சாயங்காலமே அவர் மிஸ் எல்மீர் வீட்டுக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். சாட்சிக்கு என்று அந்த வருடத்துக் காலண்டரையும் சுருட்டி எடுத்துக்கொண்டார். அவர் செய்த இரண்டாவது தவறு அது.

மிஸ் எல்மீர் கறுப்புக் காப்பி கொடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலண்டரைப் புரட்டினார். மே மாதத்தில் நின்றார். பிறகு ஜூன். அவர் உதடு அசைந்தது. சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.

"'எல்மீர் இன்று நாள் முழுதும் மரக்கட்டையில் கிடந்தாள். நன்றாகப் பெருத்திருக்கிறாள்.'"

எனக்குக் காப்பி புரையேறியது. சோஸ்தேன் முகம் வேகவைத்த நண்டு மாதிரி ஆனது.

"'எல்மீர் கிட்டே வந்த எல்லாரையும் பார்த்துச் சீறினாள். பழைய சாமியார்கூடப் பயந்து தண்ணீருக்குள் போய்விட்டார்.'" கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "இது எந்த எல்மீர்?"

"மிஸ் எல்மீர்... அது... அது படுக்குற எடம் முன்னால இருந்து ரெண்டாவது. கோயில்ல நீங்க உக்கார்ற எடம். அதுனால..."

"பெருத்திருக்கேனா?"

"முட்டை வயித்துல இருந்துச்சு!"

"யாரு வயித்துல?"

சமாளிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு புல் கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முட்டி வீங்கியதை மட்டும் சொல்லவில்லை. அதை நான்தான் சொன்னேன்.

சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் இருந்தது, மிஸ் எல்மீர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நடை ஏத்தி எறக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அந்த விளக்குமாறும் உன் கணக்குதான்."

"ஆமா."

"சரி, கேளு. திருநாளுக்கு யாரும் துறையில எறங்க வேணாம். படகுலயே நின்னு ஜெபமாலை சொல்லுவோம். க்ளோவிஸ் முன் படகுல துப்பாக்கியோட இருப்பான். அது படகு பக்கம் ஒரு அடி வந்தாலும் நான் கையக் காட்டுவேன், அவன் சுட்டுருவான். சம்மதமா?"

"சம்மதம்."

"திருநாள் முடிஞ்சதும் சாவிய எங்கிட்ட குடுத்துரணும்."

சோஸ்தேன் தலையை ஆட்டினார். திரும்பி வந்து அவர் வீட்டு வாசலில், "ரெண்டு வாரம் இருக்கு, தினம் போயிட்டு வரலாம்" என்றார், லீவு முடியப்போகிற பிள்ளை மாதிரி.

திருநாளன்று காலை பத்து மணிக்கெல்லாம் வெயில் சுட்டது. முப்பத்தாறு படகுகள். எல்லாவற்றிலும் நீலக் காகிதப் பூ. முதல் படகில் மாதா சுரூபம், ஃபாதர் மின், மிஸ் எல்மீர், துப்பாக்கியோடு க்ளோவிஸ். அடுத்த படகில் நாங்கள் நாலு பெண்கள், எங்களுக்குத் துடுப்பு பிடிக்க சோஸ்தேன். சட்டைப் பையில் சாவி. அது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

துறைக்கு முப்பது அடி தள்ளி நங்கூரம் போட்டோம். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து காரணிக்கமும் சொல்லி முடிகிற வரை முதலையைக் காணோம். குவியல் மட்டும் தெரிந்தது. பிறகு ஃபாதர் மின் மன்றாட்டு மாலையைத் தொடங்கினார். அவர் ஒரு வரி சொல்ல, நாங்கள் இருநூறு பேரும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒரே குரலாக, நீர் அதிரச் சொல்வோம்.

நாலாவது வரியோ ஐந்தாவது வரியோ. நாங்கள் சொல்லி நிறுத்திய இடைவெளியில் ஒரு சத்தம். நாய்க்குட்டிக்கு விக்கல் வந்த மாதிரி. உம்ப்.

அடுத்த வரி. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." உம்ப். உம்ப்.

"யாரு அது? யாரு நடுவுல சத்தம் போடுறது?" என்று மிஸ் எல்மீர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

சோஸ்தேன் என் தோளைப் பிடித்தார். "குவியலுக்குள்ள இருந்து வருது ஒதீல். முட்டைக்குள்ள இருந்து கூப்பிடுதுங்க."

அடுத்த வரிக்குப் பத்து, இருபது குரல் சேர்ந்து பதில் சொன்னது. ஃபாதர் மின் நிறுத்திவிட்டார். எங்கள் படகுக்கும் முதல் படகுக்கும் நடுவே, தண்ணீரில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் எழும்பின. இவ்வளவு நேரமும் எங்களுக்கு அடியில் இருந்திருக்கிறது. க்ளோவிஸ் துப்பாக்கியைத் தூக்கினான். மிஸ் எல்மீரின் கை பாதி உயரம் எழுந்தது.

முதலை எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கரையேறி, குவியலின் உச்சியை முன்காலால் வாரி வாரித் தள்ளியது. சோஸ்தேனின் புல் பறந்தது. அப்புறம் தலையை உள்ளே விட்டு எடுத்தபோது, பல் வரிசையின் நடுவே மஞ்சள் கோடு போட்ட ஏதோ ஒன்று நெளிந்தது.

"ஐயோ தின்னுது!" என்று மிஸ் எல்மீர் அலறினார். "பெத்த பிள்ளையத் தின்னுது! சுடுடா க்ளோவிஸ்!"

கோயிலில் பாட்டுக்கூட வாய்க்குள்ளேயே பாடுகிற மனுஷன் சோஸ்தேன். அவர் படகில் எழுந்து நின்றார். படகு ஆடியதில் நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

"சுடாதே!" என்று கத்தினார். "தின்னல எல்மீர்! தூக்கிட்டுப் போவுது! பாரு, பொறுத்துப் பாரு!"

மிஸ் எல்மீரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆண் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. க்ளோவிஸ் அந்தக் கையைப் பார்த்தபடி இருந்தான். முதலை மெல்ல நடந்து தண்ணீருக்கு வந்து, ஓரத்தில் வாயைத் திறந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. வாயிலிருந்து ஒரு குஞ்சு வழுக்கி இறங்கி, ஒரு சாண் நீளத்துக்குத் தானும் ஒரு முதலை என்று நீந்திக் காட்டியது.

இருநூறு பேர் மூச்சுவிட்ட சத்தம் கேட்டது. முதலை திரும்பக் கரையேறியது. ஒரு நடை. இன்னொரு நடை. ஒரு முட்டை உடையாமல் இருந்தது. அதை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து, கண்ணாடிக் குவளையைக் கையாளுகிற மாதிரி மெதுவாக நெரித்து உடைத்தது.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. மிஸ் எல்மீரைப் பார்த்தேன். கை இறங்கி ஜெபமாலையில் இருந்தது. குஞ்சு ஒன்று தண்ணீரில் இறங்க இறங்க ஒரு மணியை நகர்த்திக்கொண்டிருந்தார். மூன்று பத்து முடிந்து, நாலாவதில் நாலு மணி. "முப்பத்திநாலு" என்றார், யாரையும் பார்க்காமல்.

பக்கத்தில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்ட க்ளோவிஸ், "நோங்க், பதினாறுன்னு சொன்னீங்க. ஒரு நாள் தப்பு" என்றான்.

சோஸ்தேன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பச்சையா குவிச்ச புல்லு. உள்ளுக்குள்ள சூடு சாஸ்தி. அதுல சீக்கிரம் பொரிஞ்சிருச்சு."

ஃபாதர் மின் விட்ட இடத்திலிருந்து மன்றாட்டு மாலையைத் தொடர்ந்தார். இந்த முறை நாங்கள் சொன்ன பதில் கொஞ்சம் மெதுவாக இருந்தது, குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி.

மண்டபத்தில் விருந்து முடிந்ததும் சோஸ்தேன் சொன்ன சொல் மாறாமல் சாவியை எடுத்து மிஸ் எல்மீர் முன்னால் மேசையில் வைத்தார். மிஸ் எல்மீர் தன் கம்போ கிண்ணத்தை வழித்து முடிக்கும் வரை அதைத் தொடவில்லை.

"என் பேரச் சொல்லிக் கத்தினியே."

"அவசரத்துல வந்துருச்சு, மிஸ் எல்மீர்."

"கத்தலேன்னா கையக் காட்டியிருப்பேன்." சாவியை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார். "முட்டி வலிச்சா சொல்லணும். க்ளோவிஸ் வந்து ரெண்டு நடை ஏத்திக் குடுப்பான். அவனுக்குச் சும்மாதான இருக்கு கை."

"நானா?" என்றான் க்ளோவிஸ்.

"ஒரு விளக்குமாறும் வாங்கி வைக்கணும்" என்றார் மிஸ் எல்மீர்.

அடுத்த ஏப்ரலில் அவரே சோஸ்தேனிடம் வந்து, எதிர்க்கரையில், துறைக்கு நன்றாகத் தள்ளி, ஒரு படகுப் புல்லைக் குவித்து வைக்கச் சொன்னார். இடத்தையும் அவரே காட்டினார். சோஸ்தேன் குவித்தார். ஜூன் வந்தது. முதலை அந்தக் குவியலை ஏறிட்டும் பார்க்கவில்லை. கால் மைல் தாண்டி நாணல் காட்டுக்குள் தானாகவே கூடு கட்டிக்கொண்டது. மிஸ் எல்மீர் படகில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

"நான் சொன்ன எடம் அதுக்குப் புடிக்கலையாக்கும்" என்றார் என்னிடம்.

புதுக் காலண்டரில் வேறு பெயர் எழுதட்டுமா என்று சோஸ்தேன் பயந்து பயந்து கேட்டார்.

"வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றார் மிஸ் எல்மீர். "பெருத்துட்டாள்னு மட்டும் எழுதாத."